இடித்த கான்கிரீட்டை அரைத்த மணல்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டுவது சேலத்தில் இப்போது தினமும் நடக்கிற காரியம். இடித்த கான்கிரீட்டை டிப்பரில் ஏற்றி எங்காவது ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டு, அதே டிப்பரை எம் சாண்ட் ஏற்றி வரச் சொல்கிறோம். அந்தக் கான்கிரீட்டை உடைத்து அரைத்தால் ஜல்லியும் கிடைக்கும், மணலும் கிடைக்கும். ஜல்லியைப் பற்றி யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை, மணல் என்றதும்தான் கேள்விகள் வருகின்றன. நான் கட்டட இன்ஜினியர், கொண்டலாம்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு பிளாக் யார்டும் வைத்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இதுவும் எம் சாண்டும் ஒன்றுதானே? இரண்டும் அரைத்ததுதானே?

இல்லை. எம் சாண்ட் என்பது கல்லை மட்டும் அரைத்தது. நம் பக்கத்துக் குவாரிகளில் அது பெரும்பாலும் சார்னோகைட் அல்லது நைஸ் பாறை. சேர்வராயன் மலையே சார்னோகைட்தான். நல்ல இறுக்கமான கல், தண்ணீரை உள்ளே விடாது.

கான்கிரீட்டை அரைத்த மணலில் கல் இருக்கிறது, பழைய ஆற்று மணல் இருக்கிறது, அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த பழைய சிமெண்டும் இருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத்தாளில் பரப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். சில மணிகள் பளபளவென்று கல்லாகவே இருக்கும், சிலவற்றில் பாதிக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மேலோடு ஒட்டியிருக்கும், சிலதில் கல்லே இருக்காது, முழுக்க இறுகிய சிமெண்ட்தான். விரலால் நசுக்கினால் ஓரம் பொடியும். இந்த மணலின் நல்லது கெட்டது எல்லாமே அந்த ஒட்டிய பழைய சாந்திலிருந்துதான் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

சுவர் இடித்த செங்கல், ஓடு, பூச்சு எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கலாமா?

அரைக்கலாம், ஆனால் அது வேறு பொருள். 2016இல் திருத்தி வெளியிட்ட ஐஎஸ் 383, அதாவது ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரக்குறிப்பு, இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. சுத்தமான கான்கிரீட்டை மட்டும் உடைத்தது ஒரு வகை, செங்கல், சாந்து எல்லாம் கலந்த இடிபாட்டை உடைத்தது இன்னொரு வகை. மணலாகப் பயன்படுத்த அனுமதி இருப்பது முதல் வகைக்கு மட்டும்தான். கலந்த இடிபாட்டிலிருந்து வந்த ஜல்லிக்குக் கூட எம் 15க்குக் கீழான (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும்) மட்டக் கான்கிரீட்டில்தான் இடம். மணலில் சிவப்புப் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் அது செங்கல் தூள், அதைத் தரை நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

இறுகிய சிமெண்ட் பார்வைக்குக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. அதைக் கிரஷரில் போட்டு அடிக்கும்போது புதிதாக வெடிப்புகளும் சேர்ந்துவிடுகின்றன. ஆற்று மணல் தன் எடையில் 1 சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீரை உறிஞ்சும். கான்கிரீட் மணல் சாதாரணமாக 5 முதல் 12 சதவீதம் வரை உறிஞ்சும், மூலக் கான்கிரீட்டைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் முன்னே பின்னே போகும்.

ஜல்லியை விட மணல் ஏன் மோசம் என்றால், கிரஷர் அடிக்கும்போது கல் தாக்குப்பிடிக்கிறது, ஒட்டிய சாந்து நொறுங்குகிறது. நொறுங்கியது எல்லாம் கீழே இறங்கி மணலோடு சேர்கிறது. ஆகவே மணி சின்னதாக ஆக ஆக அதில் பழைய சிமெண்டின் பங்கு கூடிக்கொண்டே போகும். 600 மைக்ரானுக்குக் கீழே கூடுதல், 150க்குக் கீழே இன்னும் கூடுதல் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்).

ஐஎஸ் 383 சாதாரணமாக 5 சதவீத உறிஞ்சலைத்தான் ஒத்துக்கொள்கிறது. இந்த வகைக்கு மட்டும் 10 சதவீதம் வரை விடலாம் என்கிறது, ஆனால் கலப்பதற்கு முன்பே நனைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைத்தான் சைட்டில் எல்லோரும் மறக்கிறார்கள்.

எவ்வளவு உறிஞ்சும் என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். ஒரு கிலோ மணலை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். அப்புறம் தண்ணீரை வடித்து, தட்டில் பரப்பி, லேசான சூடு காட்டிக் கிளறிக்கொண்டே இருங்கள். மணிகளின் மேல் ஈரப் பளபளப்பு போய், கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிரும் நிலை வந்ததும் நிறுத்தி 500 கிராம் எடுங்கள். அதை 100 முதல் 110 டிகிரி அடுப்பில் ஒரு நாள் காய வைத்து மறுபடி எடை போடுங்கள். 463 கிராம் வந்தால் 37 கிராம் தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது. 37ஐ 463ஆல் வகுத்தால் 8 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆற்று மணலுக்கு ஒரு சின்னக் கூம்பில் போட்டுக் குத்திக் கூம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், சரிந்தால் மேல் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். இந்த மணலில் தூசி அதிகம், மணிகளும் முனை முனையாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும், அதனால் ஈரம் போன பிறகும் கூம்பு சரியாமல் அப்படியே நிற்கும். சரியட்டும் என்று காத்திருந்தால் உள் ஈரமும் போய்விடும், உறிஞ்சல் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். லேபில் கொடுத்தாலும் எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஒரே குவியலுக்கு 6 என்றும் 9 என்றும் இரண்டு ரிப்போர்ட் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, கலவையில் தண்ணீரை எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் கணக்குப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், ஏனென்றால் என் யார்டிலேயே நடந்தது. முதல் முறை இந்த மணலைக் காய்ந்தபடியே மெஷினில் கொட்டி, வழக்கமான அளவுத் தண்ணீரை விட்டோம். சுற்றும்போது நன்றாகத்தான் இருந்தது. கொட்டிப் பத்து நிமிடம் ஆகவில்லை, மேஸ்திரி கரண்டியை நட்டு வைத்துக் காட்டினார், கரண்டி விழாமல் நின்றது. "என்னங்க சார், போட்டதும் கட்டிப் போச்சுங்க, ரெண்டு மக்கு விடட்டுங்களா?" என்றார். விடச் சொன்னேன். இரண்டு நாலாயிற்று. மணல் குடித்தது எவ்வளவு, சிமெண்டுக்குப் போனது எவ்வளவு என்று அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. அந்த லோடு பிளாக்கின் முனைகளைக் கையாலேயே உதிர்க்க முடிந்தது. மணலைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை, தவறு முழுக்க என்னுடையது.

கணக்கு இது. 1:4:8 (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு, ஜல்லி எட்டு) மட்டக் கான்கிரீட்டில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஏறக்குறைய 180 கிலோ மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுக்க இந்த மணல், 8 சதவீத உறிஞ்சல். அது குடிக்கப்போவது 14.4 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு பிளாஸ்டிக் குடம். மணலில் ஏற்கெனவே 3 சதவீத ஈரம் இருந்தால் பாக்கி 5 சதவீதம், 9 லிட்டர். இந்த 9 லிட்டர் மணலுக்கு, சிமெண்டுக்கான தண்ணீர் தனி. இரண்டையும் ஒரே எண்ணாக நினைக்கவே கூடாது.

மெஷினில் முதலில் மணலும் ஜல்லியும் போட்டு, தண்ணீரில் பாதியை விட்டு ஒரு நிமிடம் சுற்ற விடுங்கள். அப்புறம் சிமெண்ட், கடைசியில் மீதித் தண்ணீர். உறிஞ்ச வேண்டியதில் பெரும்பகுதியை மணல் முதல் பத்து நிமிடத்திலேயே உறிஞ்சிவிடும் என்பதால், அதைவிட நல்லது முந்தின இரவே குவியலை நனைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது. ஆனால் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். மணியின் மேல் தண்ணீர் படலம் நின்றால் புதுச் சிமெண்ட் அதில் சரியாகப் பிடிக்காது. நிறைவதற்குக் கொஞ்சம் குறைவான ஈரம்தான் வேண்டும், காலையில் ஒரு வாணலியில் அரைக் கிலோ வறுத்துப் பார்த்தால் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துவிடும்.

எடை போடாமல் பாண்டு (இரும்புச் சட்டி) கணக்கில் போடலாமா?

போடாதீர்கள். இதன் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல எத்தனை மடங்கு எடை என்பது, 2.1 முதல் 2.4, நல்ல மணலுக்கு 2.6. கொட்டி அளந்தால் ஒரு கன அடி எம் சாண்ட் 45 கிலோ வருகிற இடத்தில் இது 37 கிலோதான் வரும். பாண்டு எண்ணிக்கை சரியாக இருக்கும், உள்ளே போன பொருள் குறைந்திருக்கும். எடை போட்டுப் போடுங்கள். யூனிட் கணக்கில் வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள், 100 கன அடிக்குக் காசு கொடுத்தாலும் எடை எம் சாண்ட் அளவுக்கு வராது.

சல்லடைக் கணக்கில் எந்த ஜோன் (மணலின் பரும்படி, நைசைக் காட்டும் வகை) வரும்?

கிரஷரைப் பொறுத்தது. பொதுவாக ஜா கிரஷரில் மட்டும் உடைத்தது பரும்படியாக, ஜோன் 1 பக்கம் வரும், 600 மைக்ரான் சல்லடையில் 15 முதல் 34 சதவீதம் இறங்குவது ஜோன் 1. இரண்டாவதாக இம்பாக்ட் கிரஷரில் விட்டால் முனைகள் மழுங்கி, 35 முதல் 59 சதவீதம் இறங்கும் ஜோன் 2க்குக் கொண்டு வரலாம். கொஞ்சம் எம் சாண்ட் கலந்தும் சரிசெய்யலாம்.

அதை விட முக்கியம் தூசி. 75 மைக்ரானுக்குக் கீழே போவதற்கு அரைத்த மணலில் 15 சதவீதம் வரை ஐஎஸ் விடுகிறது, ஆனால் அது கல் தூசியை மனதில் வைத்துச் சொன்ன அளவு. இங்கே வருவதில் பழைய சிமெண்ட் தூசி அதிகம், அதே 15 சதவீதம் இங்கே கூடுதல் தொல்லை கொடுக்கும். நான் கழுவியோ காற்றில் ஊதியோ பாதியாகக் குறைத்த பிறகுதான் எடுக்கிறேன்.

வலிமை குறையுமா? எத்தனை சதவீதம் கலக்கலாம்?

முழுக்க இதையே போட்டால் குறையும். கலந்து போட்டால் அவ்வளவு தெரியாது. 2007இல் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில் 30 சதவீதம் வரை மாற்றினாலும் கான்கிரீட்டின் அழுத்த வலிமை பெரிதாகப் பாதிக்கவில்லை. உறிஞ்சிய தண்ணீரை மணல் பிறகு மெதுவாக வெளியே விடுவதால் உள்ளிருந்தே கொஞ்சம் க்யூரிங் (ஈரம் காயாமல் வைத்து இறுக விடுவது) நடக்கிறது என்பதும் ஒரு காரணம்.

நம் ஐஎஸ் 383 சொல்வது: கம்பி இல்லாத கான்கிரீட்டில் மணலில் 25 சதவீதம் வரை, கம்பி போட்டதில் 20 சதவீதம் வரை, அதுவும் எம் 25 தரம் வரைக்கும்தான், எம் 15க்குக் கீழே 100 சதவீதம். கம்பி போட்ட எம் 25இல் ஒரு மூட்டைக்கு 75 கிலோ மணல் என்றால் இது வெறும் 15 கிலோ, குடிக்கிற தண்ணீரும் 1.2 லிட்டர்தான். அந்த அளவில் இதைக் கையாள்வது எளிது.

வலிமையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. காயும்போது சுருங்குவது இதில் அதிகம், பாரம் தாங்கும்போது வளைவதும் அதிகம். சோதனைக்கு வார்த்த கியூபை உடைத்துப் பார்த்து 28 நாள் வலிமை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள், ஆறு மாதம் கழித்து முடி போல வெடிப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் க்யூரிங்கை ஒரு நாள் விட்டாலும் அது தெரியும். மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலைச் சிமெண்டில் ஒரு பங்காகச் சேர்ப்பது இந்த மணலுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. சாம்பல் மணிகள் உருண்டை என்பதால் கலவை வழுக்கிக்கொண்டு போகும், பழைய சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடும் அது மெல்ல வினை புரியும்.

என் வீட்டு ஸ்லாப்புக்குப் போடலாமா?

ஐஎஸ் 383 கணக்கில் எம் 25 வரை 20 சதவீதம் போடலாம். மணல் எங்கிருந்து வந்தது என்று கையில் சோதனை அறிக்கை இருந்தால் மட்டும். இல்லையென்றால் பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்), நடைபாதை, காம்பவுண்ட் அடித்தளம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூச்சு வேலைக்கு?

வேண்டாம். மெல்லிய பூச்சில்தான் சுருக்கம் உடனே வெடிப்பாகத் தெரியும். கட்டு வேலைச் சாந்தில் கால் பங்கு கலந்து பார்த்திருக்கிறேன், பரவாயில்லை.

எந்த இடிபாட்டைத் தொடவே கூடாது?

இதற்குச் சேலத்துக்கென்றே ஒரு தனிப் பதில் இருக்கிறது.

சாயப்பட்டறைத் தரைக் கான்கிரீட். சாயம் பிடிக்க உப்பையும் சோடியம் சல்பேட்டையும் கொட்டி வேலை செய்கிற இடம் அது, வருடக்கணக்கில் தரை அதை உறிஞ்சியிருக்கும். உப்பிலிருக்கும் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டில் மொத்தக் குளோரைடு ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான தரக்குறிப்பு ஐஎஸ் 456, இந்தத் தரையை அரைத்துப் போட்டால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஜவ்வரிசி ஆலைத் தொட்டிகளும் அப்படித்தான், மாவுத் தண்ணீர் புளித்து அமிலமாகிக் கான்கிரீட்டின் மேல்பக்கத்தை அரித்திருக்கும், அரைத்தால் பாதி தூசிதான் மிஞ்சும்.

அடுத்தது மேக்னசைட் உலைச் செங்கல். நம் ஊரில் மேக்னசைட் சூளைகள் இருந்த இடங்களில் பழைய கட்டடத்தை இடிக்கும்போது இவை கலந்து வரும். மேக்னசைட்டை நிறைய வெப்பத்தில் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியா தண்ணீரோடு மிக மிக மெதுவாகச் சேரும், சேரும்போது ஊதும். மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக் கான்கிரீட் உள்ளே இறுகிக் கிடக்கும்போது ஊதினால் பிளந்துவிடும். சிமெண்டிலேயே மெக்னீசியா 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான். சுடாத பச்சை மேக்னசைட் கல்லுக்கு இந்தக் குணம் கிடையாது, சுட்டதுதான் ஆபத்து. அந்த உலைச் செங்கல் பார்த்தால் கனமாக, பழுப்பாக, சாதாரணச் செங்கலை விட அடர்த்தியாக இருக்கும்.

மூன்றாவது, ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் போர்டு. அதிலிருக்கும் சல்பேட், சிமெண்டோடு சேர்ந்து உள்ளே ஊதும் உப்பாக மாறும். கடை, ஹோட்டல் இடிக்கும்போது ஸ்லாப்பை உடைப்பதற்கு முன்னால் போர்டை எல்லாம் தனியாகக் கழற்றி எடுத்துவிடச் சொல்லுங்கள். கலந்த பிறகு பொறுக்க முடியாது.

ஏற்காட்டில் கட்டுகிறோம். மேலேயே அரைத்துப் பயன்படுத்தினால் லாபமா?

இந்த மணலுக்கு மிகவும் பொருத்தமான இடம் மலைதான் என்று நினைக்கிறேன். இடித்த கான்கிரீட்டை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுபோய்க் கொட்டி, அதே 20 வளைவில் மணலை ஏற்றி வருவது வாடகைக்கு மட்டுமில்லை, அந்த ரோட்டுக்கும் கேடு. மலைப்பகுதி என்பதால் அனுமதி கேட்டுக்கொண்டுதான் நகரும் கிரஷரைக் கொண்டுவர வேண்டும்.

மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். பழைய எஸ்டேட் பங்களாக்களில் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அதிகம், சிமெண்ட் கான்கிரீட் குறைவு. சுண்ணாம்புச் சாந்தை அரைத்தது இந்த வகையில் சேராது, கல்லைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, பனி இறங்கும் நாட்களில் குவியலின் ஈரம் காலைக்கும் மதியத்துக்கும் மாறும், ஒரு தடவை அளந்ததை வைத்து நாள் முழுக்க ஓட்டக் கூடாது.

மூன்றாவது காப்பித் தோட்டக்காரர்களுக்கு. புதிதாக உடைத்த கான்கிரீட் மணலில் மழை பெய்து வடியும் தண்ணீர் கடும் காரம். உடைத்த துண்டின் மேல் காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ஃப்தலீன் திரவம் ஒரு சொட்டு விட்டால் உள்பக்கம் சட்டென்று ஊதாச் சிவப்பாகும், பல வருடம் காற்றுப் பட்ட வெளிப்பக்கம் நிறம் மாறாது. காப்பிச் செடிக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். செடி வரிசைக்கு மேட்டில் இந்தக் குவியலைப் போடாதீர்கள். தாங்கு சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய நிரப்பவும் இந்த மணலைப் போடாதீர்கள், வடியும் சுண்ணாம்பு வெளியே வந்து காற்றோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்து வடிகுழாயை அடைத்துவிடும். மலையில் தாங்கு சுவரின் பின்னால் தண்ணீர் தேங்கினால் என்ன நடக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குவித்து வைத்தால் கட்டியாகிவிடுகிறதே?

ஆமாம். பழைய சிமெண்டில் தண்ணீர் படாத மணிகள் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அரைக்கும்போது வெளியே வந்து மழை பட்டால் மெல்ல இறுகும். ரோடு அடித்தளத்துக்கு இதே குணம் நன்மை. மணலாக விற்க வேண்டுமென்றால் கூரைக்குக் கீழே வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடுங்கள்.

ஹாலோ பிளாக், பேவர் பிளாக்கில் எப்படி?

ஹாலோ பிளாக்கில் நன்றாக வருகிறது, நான் தினமும் போடுகிறேன். அதிர்வில் அழுத்திப் போடும் காய்ந்த கலவை என்பதால் கரண்டியில் ஓட வேண்டிய அவசியமே இல்லை, முனை முனையான மணல் அச்சிலிருந்து எடுத்ததும் அசையாமல் நிற்க உதவி செய்கிறது. கவனிக்க வேண்டியது பிளாக்கின் தண்ணீர் உறிஞ்சல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது. பேவரில் அந்த வரம்பு இன்னும் கடுமை என்பதால் மேல் அடுக்குக்கு எம் சாண்டும், கீழ் அடுக்குக்கு மட்டும் இதுவும் வைக்கிறேன்.

ஒட்டிய சிமெண்டை நீக்கிவிட முடியாதா?

முடியும். ஜப்பானில் 300 டிகிரி வரை சூடாக்கி உருளையில் தேய்த்து உரித்துவிடுகிறார்கள், கிட்டத்தட்டப் பழைய மணலே கிடைக்கிறது. அவர்களின் தரக்குறிப்பில் மணலுக்கு மூன்று படிகள்: உறிஞ்சல் 3.5 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் தரம், 7க்குள் இரண்டாவது, 13க்குள் மூன்றாவது. அந்தச் செலவும் எரிபொருளும் நமக்குக் கட்டுபடியாகாது. கரியமில வாயுவைச் செலுத்தி அந்தத் துளைகளைச் சுண்ணாம்புக் கல்லால் அடைக்கும் முறையும் உண்டு, உறிஞ்சல் குறைகிறது. நம்மால் இப்போதைக்கு முடிந்தது தூசியைக் கழுவுவது, இரண்டு தடவை உடைப்பது.

வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதலில் எந்தக் கட்டடம், எந்தப் பகுதி இடித்தது என்று கேளுங்கள். ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ இடிப்பவர்கள் கான்கிரீட்டைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு கட்டட இடிபாட்டு விதிகளே சொல்லியிருந்தன, ஆகவே பெரிய இடிப்பு வேலையிலிருந்து வந்ததென்றால் பதில் இருந்தாக வேண்டும். அப்புறம் உறிஞ்சல், ஒப்படர்த்தி, 75 மைக்ரான் தூசி, குளோரைடு, சல்பேட், இந்த ஐந்துக்கும் எண் கேளுங்கள். கடைசியாக, குவியலின் மேலிருந்து அள்ளிக் காட்டுவதை வாங்காதீர்கள். நடுவில் முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு போட்டுக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். மேலே மரத்தூளோ போர்டுத் துணுக்கோ மிதந்தாலும், அடியில் படிந்த மணலுக்கு மேல் சாம்பல் சேறு தடிமனாக நின்றாலும் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.